ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு ஒரு ஸ்பிரிங் கணக்கு

ராத்திரி மூணு மணி. வலது கை மரத்துப் போய் முழிப்பு வருது. கையை உதறிட்டு இடது பக்கம் திரும்பிப் படுக்கிறீங்க. கொஞ்ச நேரத்துல இடுப்பெலும்பு குத்த ஆரம்பிக்குது. மல்லாந்து படுத்தா குறட்டை. நீங்களும் எழுந்துக்கிறீங்க, ரூம்மேட்டும் எழுந்துக்கிறார். உங்க எடை 90, 100 கிலோவைத் தாண்டி, ஒருக்களிச்சுப் படுக்கிற பழக்கமும் இருந்தா, இது உங்களுக்குப் புதுசா இருக்காது.

இதுக்கு ரெண்டு அறிவுரை இலவசமா கிடைக்கும். வீட்டுல, "முதல்ல எடையைக் குறை." கடையில, "வெயிட்டான ஆளுங்களுக்கு ஹார்டா இருந்தாத்தான் சார் நல்லது, ஆர்த்தோ எடுத்துக்கோங்க." எடையைக் குறைக்கிறது நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு மாசக்கணக்கு ஆகும். இன்னைக்கு ராத்திரியும் தூங்கித்தானே ஆகணும்? ரெண்டாவது அறிவுரையை நான் நம்பினேன். 104 கிலோ எடையோட ஒரு 'ஆர்த்தோ' மெத்தையை வாங்கி, ஒரு செமஸ்டர் முழுக்க தோள்வலியோட கிளாஸுக்குப் போனேன். அப்புறம் எஸ்.ஓ.எம். பாடத்துல ஸ்பிரிங் யூனிட் வந்தது. நான் எங்கே தப்பு பண்ணினேன்னு அப்பதான் புரிஞ்சது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களோட பகிர்ந்துக்கறேன்.

சுருக்கமா சொன்னா: எடை அதிகமுள்ள ஒருத்தர் ஒருக்களிச்சுப் படுக்க, மேல மெத்துன்னும் கீழ கெட்டியாவும் இருக்கிற மெத்தை வேணும். ஒரே பொருள் இந்த ரெண்டு வேலையையும் நல்லா செய்யறது கஷ்டம். அதனாலதான் கீழே ஸ்பிரிங், மேலே லேடெக்ஸ்னு வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற ஹைப்ரிட் மெத்தை யோசிச்சுப் பார்க்க வேண்டிய ஒண்ணு. ஆனா 'ஹைப்ரிட்'னு லேபிள் இருந்தா மட்டும் போதாது. உள்ளே என்ன இருக்குன்னு கேட்டு வாங்கணும்.

முதல்ல அழுத்தம்

அழுத்தம்னா விசையைப் பரப்பால வகுக்கிறது. பத்தாம் வகுப்புக்கு முன்னாடியே படிச்சதுதான். 100 கிலோ எடைன்னா கீழ்நோக்கிய விசை 981 நியூட்டன். நீங்க எப்படிப் படுத்தாலும் இது மாறாது. மாறுறது, உடம்பு மெத்தையைத் தொடுற பரப்பு.

கணக்குக்காக சில அளவுகளை எடுத்துக்குவோம். மல்லாந்து படுக்கும்போது தொடுபரப்பு 0.45 சதுர மீட்டர்னு வெச்சா, சராசரி அழுத்தம் சுமார் 2.2 கிலோபாஸ்கல். பாதரச அளவுல 16 மி.மீ. ஒருக்களிச்சுப் படுத்தா பரப்பு 0.25 சதுர மீட்டராக் குறையுதுன்னு வைங்க, அழுத்தம் 3.9 கிலோபாஸ்கல், அதாவது 29 மி.மீ. இப்போ மெத்தை பலகை மாதிரி இருந்து, தோளும் இடுப்பும் மட்டும் பட்டு, இடையில இருக்கிற வளைவு தொடவே இல்லைன்னா? பரப்பு 0.15 ஆச்சுன்னா அழுத்தம் 6.5 கிலோபாஸ்கல், 49 மி.மீ.

தோலுக்குள்ள இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் எந்த அழுத்தத்துல மூடத் தொடங்கும்னு சொல்ல, மருத்துவத்துல ரொம்ப காலமா 32 மி.மீ. பாதரசம்னு ஒரு அளவைக் குறிப்பிடுவாங்க. எல்லா உடம்புக்கும் அதே எண் பொருந்தாது; ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வெச்சுக்குவோம். அதோட, மேலே போட்டது சராசரிதான். தோள் மூட்டும் இடுப்பெலும்பும் துருத்திக்கிட்டு இருக்கிறதால, அந்த இடங்கள்ல அழுத்தம் சராசரியைவிட அதிகமாவே இருக்கும். கூடவே தோள் பக்கத்து நரம்பும் அழுந்தும். கை மரத்துப் போறதும், நாம தூக்கத்துலயே புரண்டு புரண்டு படுக்கிறதும் இதனாலதான்.

ஆக, 'ஹார்டா வாங்கு'ங்கிற அறிவுரை மல்லாந்து படுக்கிறவருக்கு ஓரளவு சரி. ஒருக்களிச்சுப் படுக்கிறவருக்கு அது தொடுபரப்பைக் குறைச்சு அழுத்தத்தை ஏத்துது.

அப்போ பஞ்சு மாதிரி மெத்துன்னு வாங்கினா? அதுலயும் சிக்கல் இருக்கு. உடம்புல கனமான பகுதி நடு உடம்பு. சராசரியா எடையில ஏறக்குறைய பாதி அங்கேதான். மெத்தை ரொம்ப இளகலா இருந்தா இடுப்பு மட்டும் ஆழமா இறங்கி, முதுகெலும்பு தூளியில கிடக்கிற மாதிரி வளைஞ்சுடும். தோள்வலி போய் இடுப்புவலி வரும்.

கீழ் அடுக்கு: நாலாம் அடுக்கின் வேலை

சுருள் ஸ்பிரிங்கோட விறைப்புக்கான சூத்திரம் ஞாபகம் இருக்கா? மேல, கம்பியோட விறைப்புக் குணகத்தையும் கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்கையும் பெருக்கணும். கீழ, எட்டு, சுருளோட சராசரி விட்டத்தின் மூணாம் அடுக்கு, வேலை செய்யற சுற்றுகளோட எண்ணிக்கை. இந்த மூணோட பெருக்கல். கம்பி விட்டம் நாலாம் அடுக்குல இருக்கிறதால, கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன வித்தியாசம் மெத்தையையே மாத்திடும். பாருங்க.

சுருள் விட்டம் 60 மி.மீ., சுற்றுகள் 5, எஃகோட விறைப்புக் குணகம் 79 ஜிகாபாஸ்கல்னு வெச்சுக்குவோம்.

கம்பி 2.0 மி.மீ. என்றால்: ஒரு சென்டிமீட்டர் அமுக்க சுமார் 1.46 நியூட்டன்.
கம்பி 1.8 மி.மீ. என்றால்: சுமார் 0.96 நியூட்டன்.

0.2 மி.மீ. வித்தியாசத்துக்கு விறைப்பு 50 சதவீதத்துக்கு மேல கூடுது. இப்போ இதை மெத்தைக்குள்ள வைப்போம். பாக்கெட் ஸ்பிரிங்கைத் துணிப்பைக்குள்ள தைக்கும்போதே கொஞ்சம் அமுக்கித்தான் வைப்பாங்க. 20 செ.மீ. ஸ்பிரிங்கை 15 செ.மீ. பைக்குள்ள அடைச்சிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். அதாவது நீங்க படுக்கிறதுக்கு முன்னாடியே 5 செ.மீ. அமுங்கின நிலை. ஒருக்களிச்சுப் படுத்த உடம்புக்குக் கீழே சுமார் 65 ஸ்பிரிங் வரும். 981 நியூட்டனைச் சமமாப் பிரிச்சா, ஒண்ணுக்கு 15.1 நியூட்டன்.

2.0 மி.மீ. கம்பி: பைக்குள்ளயே 7.3 நியூட்டன் இருக்கு. மீதி 7.8 நியூட்டனுக்கு ஸ்பிரிங் இறங்குறது 5.3 செ.மீ.
1.8 மி.மீ. கம்பி: பைக்குள்ள இருக்கிறது 4.8. மீதி 10.3 நியூட்டனுக்கு இறங்குறது 10.7 செ.மீ.

ரெண்டு மடங்கு! வெளியில இருந்து பார்த்தா ரெண்டு மெத்தையும் ஒரே உயரம், ஒரே துணி, விளம்பரத்துல ஒரே வாசகம். இதே 1.8 மி.மீ. மெத்தையில 60 கிலோ நண்பர் ஒருத்தர் படுத்தா? அவருக்குக் கீழே 50 ஸ்பிரிங்னு வெச்சா, இறங்குறது சுமார் 7.3 செ.மீ. அவர் "சூப்பர் மெத்தை மச்சி"ன்னு சொல்றது பொய்யில்லை. அது அவரோட எடைக்கான பதில். உங்க எடைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க சொல்றதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கடையில கம்பித் தடிமனை 'கேஜ்'னு சொல்வாங்க. எண் குறைஞ்சா கம்பி தடிமன். 15 கேஜ் சுமார் 1.8 மி.மீ., 14 கேஜ் சுமார் 2.0 மி.மீ. அதாவது மேலே போட்ட கணக்குல இருந்த அதே ரெண்டு கம்பிதான். சுருளோட மத்த அளவுகள் ஒண்ணா இருந்தா, 90 கிலோவுக்கு மேல இருக்கிறவங்க 14 கேஜோ அதைவிடத் தடிமனானதோ இருக்கான்னு கேளுங்க.

"ஆயிரம் ஸ்பிரிங் சார்"னு சொன்னா மயங்க வேண்டாம். நம்ம கணக்குல இருக்கிற அளவு ஸ்பிரிங்கை 78 × 72 அங்குல மெத்தையில அடுக்கினாலே சுமார் 950 வந்துடும். எண்ணிக்கை மட்டும் தெரிஞ்சு பிரயோஜனமில்லை. கம்பித் தடிமன், சுருள் விட்டம், ஸ்பிரிங் உயரம் மூணும் தெரியணும்.

இன்னொண்ணு, ஸ்பிரிங் வகை. பழைய 'பானல்' வகையில உடுக்கை வடிவ ஸ்பிரிங்குகளை ஒண்ணோட ஒண்ணு கம்பியால பிணைச்சிருப்பாங்க. ஒண்ணு இறங்கினா பக்கத்துல இருக்கிறதையும் இழுக்கும். பாக்கெட் ஸ்பிரிங் தனித்தனிப் பையில இருக்கிறதால, தோளுக்குக் கீழ இருக்கிறது ஒரு அளவுக்கும், இடைக்குக் கீழ இருக்கிறது வேற அளவுக்கும் இறங்கலாம். ஒருக்களிச்சுப் படுக்கிறவருக்கு இதுதான் தேவை. சில மெத்தைகள்ல இடுப்புப் பகுதிக்கு மட்டும் தடிமனான கம்பி போட்டு மண்டலமாப் பிரிச்சிருப்பாங்க. கிடைச்சா நல்லது; ஆனா உங்க உயரத்துக்கு அந்த மண்டலம் உங்க இடுப்புக்கு நேரா வருதான்னு படுத்துப் பார்க்கணும்.

மேல் அடுக்கு: ரப்பர் பால்

லேடெக்ஸ்னா ரப்பர் மரத்துப் பால். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயும் கேரளாவுலயும் விடியற்காலையில பட்டையைச் சீவி வடிக்கிற அதே பால்தான். அதுல காற்றைக் கலந்து நுரையாக்கி, அச்சுல உறைய வெச்சு, கந்தகத்தோட சூடாக்கி வல்கனைஸ் பண்ணினா மெத்தை நுரை. இது டன்லப் முறை. 1929ல இங்கிலாந்துல உருவானது. தலாலே முறையில அச்சைப் பாதி நிரப்பி, வெற்றிடத்தால நுரையை விரியவெச்சு, உறையவெச்சு, அப்புறம் வேகவைப்பாங்க. தலாலே நுரை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சீரா இருக்கும். டன்லப்ல அடிப்பக்கம் கொஞ்சம் அடர்த்தி கூடும். நம்ம ஊர்க் கடைகள்ல பெரும்பாலும் டன்லப் வகைதான் கிடைக்கும். நம்ம தேவைக்கு அதுவே போதும். நுரையில வரிசையா இருக்கிற ஓட்டைகள், வேகவைக்கும்போது சூடு உள்ளே சீராப் பரவுறதுக்காக வந்தவை. நமக்கு அது காத்தோட்டமாவும் உதவுது.

மெமரி ஃபோம் அமுக்கினா மெதுவா இறங்கி, மெதுவா எழும். சூடானா இன்னும் இளகும். கனமான உடம்பு அதுக்குள்ள புதைஞ்சு, புரளவே தனி முயற்சி வேணும். லேடெக்ஸ் அமுக்கின உடனே திருப்பித் தள்ளும். ராத்திரி பலமுறை புரள்றவருக்கு இந்த வித்தியாசம் பெருசு.

இங்கே முக்கியமான கேள்வி தடிமன். எந்த நுரையையும் ஒரு அளவுக்கு மேல அமுக்கினா, உள்ளே இருக்கிற காத்தறைகள் மடிஞ்சு, அது திடப்பொருள் மாதிரி ஆயிடும். உங்க இடுப்பெலும்புக்கு இடம் கொடுக்க, மேல் அடுக்கு 3 செ.மீ. அமுங்கணும்னு வைங்க. லேடெக்ஸ் 2.5 செ.மீ.தான் இருந்தா அது நடக்கவே நடக்காது. நேரா ஸ்பிரிங் மேல படுத்த மாதிரிதான். 5 செ.மீ. இருந்தா 60 சதவீதம் அமுங்கணும், அதாவது எல்லைக்குப் பக்கத்துல. 7.5 செ.மீ. இருந்தா 40 சதவீதம், வசதியா இருக்கும். அதனால 5 செ.மீ. குறைந்தபட்சம், 7.5 செ.மீ. நல்லது. 'லேடெக்ஸ் ஹைப்ரிட்'னு பேர் போட்டு, ஒரு அங்குல லேடெக்ஸுக்குக் கீழே சாதா பி.யூ. ஃபோமை அடுக்குற மெத்தைகளும் இருக்கு. ஒவ்வொரு அடுக்கும் என்ன பொருள், எத்தனை அங்குலம்னு எழுதியே வாங்கிக்கோங்க. அமெரிக்கா மாதிரி நாடுகள்ல நுரையோட மெத்துத்தன்மையை ஐ.எல்.டி.ங்கிற எண்ணால சொல்வாங்க: 323 சதுர செ.மீ. வட்டத்தகட்டால நுரையை அதோட தடிமன்ல 25 சதவீதம் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேணும்ங்கிறது அது. 20க்குக் கீழ மெத்து, 25–30 நடுத்தரம், 35க்கு மேல கெட்டி. கேட்டுப் பாருங்க, சொன்னா நடுத்தரத்தைத் தேர்ந்தெடுங்க.

சொல்லலைன்னா அடர்த்தியைக் கேளுங்க. டன்லப் லேடெக்ஸ் கன மீட்டருக்கு 80 கிலோ அளவுல இருக்கும். 72 × 36 அங்குலத்துல 5 செ.மீ. லேடெக்ஸ்னா எடை சுமார் 6.7 கிலோ. கன மீட்டருக்கு 32 கிலோ பி.யூ. ஃபோம்னா 2.7 கிலோதான். ஜிப் கழற்றக்கூடிய உறை இருந்தா, திறந்து அடுக்கைத் தூக்கிப் பாருங்க. கைக்கே வித்தியாசம் தெரியும்.

கடையில வெட்கப்படாதீங்க

உருவம் பெருசா இருக்கிறவங்களுக்கு நாலு பேர் முன்னாடி கடையில மெத்தைமேல படுக்கிறது கூச்சமான விஷயம். ஓரத்துல உக்காந்து, கையால அமுக்கிப் பார்த்துட்டு வந்துடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். கை அமுக்கறதுக்கும் 100 கிலோ உடம்பு படுக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. எட்டு வருஷம் வெச்சிருந்தா 2,900 ராத்திரிக்கு மேல அதுலதான் படுக்கப் போறீங்க. கால் மணி நேரக் கூச்சத்தைப் பொறுத்துக்கலாம்.

1. உங்க தலையணையையே எடுத்துட்டுப் போய், வழக்கமாப் படுக்கிற பக்கத்துல 15 நிமிஷம் படுங்க. முதல் ரெண்டு நிமிஷத்துல எல்லா மெத்தையும் சுகமாத்தான் இருக்கும்.

2. கூட வந்தவரை பின்பக்கமா நின்னு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பிடரியில இருந்து வால் எலும்பு வரைக்கும் முதுகெலும்பு ஏறக்குறைய நேர்கோடா, தரைக்கு இணையா இருக்கணும். இடுப்பு தொங்கினா ஸ்பிரிங் போதலை. தோள் தூக்கிக்கிட்டு இருந்தா மேல் அடுக்கு போதலை.

3. இடை வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவுல கையை நுழைச்சுப் பாருங்க. தாராளமாப் போனா மெத்தை உங்களுக்குக் கெட்டி.

4. ஓரத்துல உக்காந்து எழுந்திருங்க. சரிஞ்சு வழுக்கினா ஓரத்துக்குப் பலம் இல்லை.

வாரன்டி அட்டையில ரெண்டு வரியைத் தேடுங்க. எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தா மாத்திக் கொடுப்பாங்க? எடைக்கு உச்சவரம்பு போட்டிருக்காங்களா? வீட்டுல வெச்சுப் படுத்துப் பார்க்க அவகாசம் கொடுத்தா, திருப்பி எடுக்கிற நிபந்தனையைப் பணம் கட்டறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டில் சட்டங்களுக்கு நடுவுல அகலமான இடைவெளி இருந்தா நல்ல மெத்தையும் தொங்கும். சட்டங்கள் நெருக்கமா இருக்கணும். பெரிய கட்டிலுக்கு நடுவுல ஒரு கால் வேணும். தலையணையோட உயரமும் மாறும்: புது மெத்தையில தோள் இறங்கறதால, பழைய உயரமான தலையணை கழுத்தை மேல தள்ளும்.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில வெயில்ல போட்டுத் தட்டுறது நம்ம வீட்டு வழக்கம். லேடெக்ஸை மட்டும் அப்படிப் பண்ணாதீங்க. நேரடி வெயில்ல ரப்பர் காய்ஞ்சு, வெடிச்சு, பொடியா உதிரும். நிழல்ல காத்தாட வைங்க. கடற்கரை ஊர்கள்ல ஈரத்தால ஸ்பிரிங் துருப்பிடிக்கலாம். தரையில நேரடியாப் போட வேண்டாம். சில மாசத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாத்திப் போடுங்க. லேடெக்ஸ் மேல் பக்கம் மட்டும் இருக்கிறதால தலைகீழாத் திருப்பக் கூடாது.

ரப்பர் பால் ஒவ்வாமை இருக்கிறவங்க மருத்துவரைக் கேட்காம லேடெக்ஸ் வாங்க வேண்டாம். பகல்லயும் கை மரத்துப் போச்சுன்னா, பலமா குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ரூம்மேட் சொன்னா, எட்டு மணி நேரம் தூங்கியும் கிளாஸ்ல கண்ணைச் சொக்கினா, அது மெத்தையோட தப்பா இல்லாம இருக்கலாம். மெத்தைக்கு வெச்சிருக்கிற காசுல கொஞ்சத்தை எடுத்துட்டு முதல்ல மருத்துவரைப் பாருங்க.

மேலே போட்ட கணக்குல நிறைய அளவுகள் நானா எடுத்துக்கிட்டவை. எடை எல்லா ஸ்பிரிங்குக்கும் சமமாப் பிரியாது; இடுப்புக்குக் கீழ இருக்கிறது அதிகம் தாங்கும். அதனால 5.3ங்கிற எண்ணை அப்படியே கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. ஆனா எது எதைப் பாதிக்குதுன்னு அந்தக் கணக்கு சரியாவே காட்டும். என்னோட 104 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன்: 2.0 மி.மீ. கம்பியில சுமார் 5.7 செ.மீ. இப்போ ஒரு காகிதம் எடுத்து உங்க எடையைப் போட்டுப் பாருங்க. அப்புறம் கடைக்குப் போய், "ஹார்டா, சாஃப்டா?"ன்னு கடைக்காரர் கேட்கறதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க: "கம்பி எத்தனை கேஜ்? லேடெக்ஸ் எத்தனை அங்குலம்?"